வெள்ளம் வந்த ஊர்கள் – 8: ஆர் பள்ளத்தாக்கின் மூன்று கோடைகள்

கடந்த வாரம் ஹாம்பர்க்கைப் பார்த்தோம். 1962 பிப்ரவரியில் வடகடல் பொங்கி, கரைகள் உடைந்து, அந்த நகரில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். இந்த வாரம் நாம் போகும் இடத்தில் கடலும் இல்லை, பேராறும் இல்லை. கோடையில் குழந்தைகள் இறங்கி விளையாடும் சின்ன மலையாறு ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் ஆர்.

ஜெர்மனியின் மேற்கே, ஐஃபல் மலைப்பகுதியில் பிளாங்கன்ஹைம் என்றொரு ஊர். அங்கே ஒரு பழைய வீட்டின் நிலவறைக்குள் ஊற்றெடுக்கிறது இந்த நதி. சுமார் 85 கிலோமீட்டர் ஓடி, சின்சிக் நகருக்கு அருகே ரைன் நதியில் கலக்கிறது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சரிவுகள், அவற்றில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். சரிவுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடைத்த துண்டு நிலத்தில் ஊர்கள்: ஷூல்ட், ஆல்டனார், மாய்ஷோஸ், டெர்னாவ். ஷூல்டின் மக்கள்தொகை 700 அளவில்தான். திராட்சை விளைவதும் சுற்றுலாப் பயணிகள் வருவதும் இந்தக் குறுகிய பள்ளத்தாக்கின் அழகால்தான். ஆபத்தும் அந்தக் குறுக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் கோடை, 1804 ஜூலை 21. அப்போது ரைனின் இடக்கரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இடியோடு கொட்டிய மழையில் ஆர் நதி பொங்கி 63 பேரைக் கொண்டுபோனது. 129 வீடுகள், 18 மாவாலைகள், 8 கொல்லுப்பட்டறைகள், ஏறக்குறைய எல்லாப் பாலங்களும் போயின என்று இழப்புப் பட்டியல் சொல்கிறது.

இரண்டாவது கோடை, 1910 ஜூன் 12, 13. மேல் பள்ளத்தாக்கில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். ஆற்றோரம் தங்கியிருந்த கூலித் தொழிலாளர்களைத் தண்ணீர் இரவில் பிடித்தது. இறந்தவர்கள் 52 பேர், பலர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். அதன்பின் மேல்பகுதியில் வெள்ளத்தைத் தேக்கி வைக்கத் தடுப்புத் தேக்கங்கள் கட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். கட்டவில்லை. அதே மலைகளில் 1927-ல் திறக்கப்பட்டது, உலகப் புகழ்பெற்ற நூர்பர்க்ரிங் கார் பந்தயத் தடம்.

மூன்றாவது கோடை, 2021 ஜூலை 14. ‘பெர்ண்ட்’ என்று பெயரிடப்பட்ட காற்றழுத்தத் தாழ்வு நகராமல் நின்று, ஏற்கெனவே ஊறியிருந்த மண்மீது பல இடங்களில் 10 முதல் 15 செ.மீ மழையைக் கொட்டியது. நம் வாசகர்களுக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ பெய்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் ஆர் பள்ளத்தாக்கில் தண்ணீர் பரவி நிற்கச் சமவெளி இல்லை. சுமார் 900 சதுர கிலோமீட்டரில் பெய்தது முழுவதும் ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் இறங்கியது. வேரோடு வந்த மரங்களும், ஆற்றோர முகாம்களில் நின்ற சுற்றுலா வண்டிகளும் பாலங்களில் சிக்கி அணைபோல் அடைத்தன. அடைப்பு உடைந்தபோதெல்லாம் தண்ணீர் அலையாக எழுந்தது.

ஆல்டனாரில் ஒரு நீர்மட்ட அளவுகோல் நிலையம் இருந்தது. 2016 ஜூனில் அது 3.71 மீட்டர் காட்டியதுதான் அதுவரை பதிவான உச்சம். அன்று மாலை முன்னறிவிப்பு முதலில் 5 மீட்டரைத் தாண்டியது, பிறகு 4 மீட்டர் அளவுக்குக் குறைந்தது, இரவில் 7 மீட்டரை நெருங்கியது. மணி 8.45-க்கு 5.75 மீட்டர் காட்டிய அளவுகோலை வெள்ளமே அடித்துக்கொண்டு போனது. சுவர்களில் படிந்த சுவடுகளை வைத்துப் பின்னால் கணக்கிட்டபோது உச்சம் சுமார் 10 மீட்டர்.

மாவட்ட நிர்வாகம் ஆற்றின் இரு கரையிலும் 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது இரவு 11 மணிக்கு மேல். கடைக்கோடியில் இருக்கும் சின்சிக்கை வெள்ளம் எட்ட இன்னும் பல மணி நேரம் இருந்தது. அங்கே மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்று, அந்த 50 மீட்டருக்கு வெளியே. அதன் தரைத்தளத்தில் இருந்த 12 பேர் மூழ்கி இறந்தார்கள். மேலே அளவுகோல் போய்விட்டது என்ற செய்தி, நதி வந்து சேரும் முன் அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். எனக்கு இதுதான் ஆறவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கு மேற்பட்டவர்களும், ஜெர்மனி முழுவதும் 180-க்கு மேற்பட்டவர்களும் அந்த வெள்ளத்தில் இறந்தார்கள்.

‘யாரும் எதிர்பார்க்காத வெள்ளம்’ என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் பான் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் ரோகன்காம்பும் ஹெர்கெட்டும், 1804, 1910 வெள்ளங்களைப் பழைய ஆவணங்களையும் வெள்ளக் குறிகளையும் கொண்டு பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்து வெளியிட்டிருந்தார்கள். 1804-ல் நொடிக்குச் சுமார் 40,000 கனஅடி ஓடியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அரசின் வெள்ள அபாய வரைபடமோ, ஆல்டனாரில் அளவெடுக்கத் தொடங்கிய 1947-க்குப் பிந்தைய எண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன்படி ‘நூறாண்டுக்கு ஒருமுறை’ வரும் வெள்ளம் சுமார் 8,500 கனஅடி. இரண்டு பெருவெள்ளங்களை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அது. அந்த வரைபடத்தை நம்பித்தான் வீடு கட்ட அனுமதி தந்தார்கள், இல்லங்கள் அமைத்தார்கள், ஒத்திகை பார்த்தார்கள்.

பருவநிலை மாற்றத்துக்கும் பங்கு உண்டு. புவி சூடானதால் இத்தகைய பெருமழைக்கான வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு வரை கூடியிருக்கிறது என்று பன்னாட்டு ஆய்வுக் குழு கணித்தது. பழைய வெள்ளம் திரும்பி வரும், முன்பைவிட அடிக்கடி வரும் என்பதே இதன் பொருள்.

அந்த மக்கள் எழுந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நாடெங்குமிருந்து விவசாயிகள் டிராக்டர்களோடு வந்தார்கள். நூர்பர்க்ரிங் மீட்புப் படைகளின் முகாமானது. நிலவறைகளில் சேற்றில் புதைந்த ஒயின் பாட்டில்களைக் கழுவாமல், சேறு காய்ந்த கோலத்திலேயே விற்று 40 லட்சம் யூரோவுக்கு மேல் திரட்டினார்கள். 2023 பிப்ரவரி முதல், செல்போன் கோபுரம் வழியே அப்பகுதியின் கைப்பேசிகளை ஒரே நேரத்தில் எச்சரிக்கும் முறை ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மிகச் சில வீடுகளைத் தவிர, பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே மறுபடி எழுகின்றன. போக வேறு நிலம் இல்லை.

நெல்லை குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எப்போது, எதை, எங்கே கொண்டுபோவது என்பது தலைமுறையாகத் தெரிந்த காரியம். வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பதென்றால் இதுதான். 2015-ல் அடையாற்றுக் கரையில், 2023-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதை ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரிலும், ரேஷன் கடையிலும் கோடு போட்டு எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே முதியோர் இல்லத்துக்கோ மருத்துவமனைக்கோ யார் அனுமதி கேட்டாலும், தரைத்தளத்தில் ஒருவரும் படுக்கக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக்க வேண்டும். பெரிய செலவில்லாத வேலை இது. பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: 2002-ல் மூழ்கி, பிறகு ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே மதில் கட்டிக்கொண்ட கிரிம்மா)