கோழிக்கு இறகு கொட்டினால் மருத்துவரிடமும் சொல்லுங்கள்

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் இரு பிள்ளைகளும் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வந்தனர். மூவருக்கும் கைகளிலும் இடுப்பிலும் சிறு சிறு சிவந்த தடிப்புகள். இரவில் உறங்கவிடாத அரிப்பு. குடும்பமே சொறிகிறது என்றால் மருத்துவர் மனம் முதலில் சிரங்கைத்தான் நினைக்கும். பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தோம். குறையவில்லை. மறுமுறையும் அதையே கொடுத்தோம்.

மூன்றாம் முறை அக்குடும்பத்தை நாங்கள் கண்டது அவசர சிகிச்சைப் பிரிவில். வாயில் எச்சில் ஊற, உடல் வியர்த்துக் கொட்ட, கண்ணின் பாவை ஊசிமுனையளவாய்ச் சுருங்கிய நிலையில் பாட்டியம்மாளைக் கிடத்தியிருந்தனர். கோழிகளுக்கு இறகு கொட்டுகிறதே என்று, பருத்திக்கு வாங்கி மீந்திருந்த பூச்சிமருந்தை வாளித் தண்ணீரில் கலந்து, வெறுங்கையால் ஏழு கோழிகளையும் முக்கி எடுத்திருக்கிறார். அட்ரோபின் ஊசியாலும் தொடர்ந்த கவனிப்பாலும் பிழைத்தார். கோழிகளில் இரண்டு பிழைக்கவில்லை.

“கோழிக்குத்தானய்யா போட்டேன், நான் குடிக்கலையே?” என்று தேறிய பின் அவர் கேட்டார். அத்தகைய மருந்து தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகளின் அரிப்புக்கும் அந்தக் கோழிகளே காரணம் என்பது அன்றுதான் எங்களுக்குப் புலப்பட்டது. “வீட்டில் கோழி உண்டா?” என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கோழியைப் பற்றி வாழும் பூச்சிகள் ஒரே வகையின அல்ல. பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் உடலிலேயே கழிக்கும். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் விரைந்தோடும். அதன் முட்டைகள் இறகின் அடியில் வெண்கொத்தாக ஒட்டியிருக்கும். கோழிப்பேன் நம்மீது ஏறினாலும் தங்கி வாழாது. பிள்ளையின் தலைப்பேன் இன்னொரு மனிதர் தலையிலிருந்தே வருவது. அதற்குக் கோழியைப் பழிப்பது வீண்.

ஊரார் பொதுவாகச் ‘செள்ளு’ என்று சொல்வதில் அடங்கும் சிற்றுண்ணிகளின் கதை வேறு. இவற்றுள் சில கோழியின் மீதே இருக்கும். சிவப்புச் சிற்றுண்ணியோ பகலில் கூண்டின் இடுக்கிலும் பஞ்சாரத்தின் மூங்கில் பின்னலிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழி இல்லாவிடினும் வாரக்கணக்கில் பசி தாங்கும். இங்கேதான் வீட்டார் கவனிக்க வேண்டும். வீட்டு மூலையில் கூடை வைத்து அடைகாக்க விடுகிறோம். 21 நாளில் குஞ்சு பொரித்துத் தாய்க்கோழி இறங்கிவிடும். கூடை அங்கேயே கிடக்கும். பசித்த சிற்றுண்ணிகள் அருகில் பாய் விரித்து உறங்கும் பிள்ளைகளை நாடுகின்றன. அவை மனிதத் தோலுக்குள் துளையிட்டுப் பெருகுவதில்லை. ஆதலால் களிம்பை எத்தனை முறை பூசினாலும், கூடை இருக்கும்வரை அரிப்பு தீராது.

உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. இருட்டிய பின் டார்ச் விளக்குடன் கூண்டைப் பாருங்கள். கம்புகளின் இடுக்கை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். இரத்தக்கறை படிந்தால் பூச்சி இருக்கிறது. (சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி காயத்துக்கு மட்டுமன்றி இதற்கும் மிகப் பொருத்தம்.)

இறகு கொட்டுவதெல்லாம் பூச்சியால் அன்று. ஆண்டுக்கொரு முறை பழைய இறகு உதிர்ந்து புதியது முளைப்பது இயல்பு. முதுகில் மட்டும் இறகில்லை என்றால் சேவல் ஏறியதன் விளைவாக இருக்கலாம். நெருக்கடியான கூண்டில் ஒன்றையொன்று கொத்திப் பிடுங்குவதும் உண்டு. பூச்சியைக் கண்ணால் கண்ட பிறகே மருந்தை நினையுங்கள்.

அந்த மருந்தையும் கால்நடை மருத்துவரே தேர்ந்து, அளவு சொல்ல வேண்டும். எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும், கையுறை அவசியம். மருந்து முட்டைகளைக் கொல்லாததால், பொரிந்து வருவனவற்றுக்காக 7 முதல் 10 நாளில் மறுபடியும் போட வேண்டியிருக்கும். பலர் இந்த இரண்டாம் முறையை விட்டுவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று வருந்துகின்றனர். அதே நாளில் கூண்டையும் ஒழிக்க வேண்டும்: பழைய வைக்கோலை எரித்து, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு பூசுங்கள். அடைக்கூடையை எரித்துவிடுவதே மேல். சாம்பல் கலந்த உலர்மணலில் கோழி புரள இடம் விட்டால் பேன் பெருகாமலிருக்க ஓரளவு உதவும். காலில் செதில் தடித்து உயர்ந்திருந்தால் அதுவும் ஒருவகைச் சிற்றுண்ணியே. மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துபோகும். அந்தக் கிண்ணத்தைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டதென்று ஓடிவரும் பெற்றோரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ராஜபாளையத்தில் நாய் வளர்ப்போர் மிகுதி. நாயின் உண்ணிக்கு வாங்கிய ஃபிப்ரோனில் தெளிப்பானைக் கோழிக்கும் அடித்துவிடத் தோன்றும். 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் சிவப்புச் சிற்றுண்ணியை ஒழிக்க விதிமீறிப் பயன்படுத்திய இதே மருந்து முட்டையில் கலந்தமையால், ஐரோப்பா முழுவதும் கோடிக்கணக்கான முட்டைகள் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. முட்டையைத் தின்பது நம் பிள்ளைகள். எந்த மருந்து போட்டாலும் எத்தனை நாள் முட்டை உண்ணலாகாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். பூச்சிமருந்து மேலே பட்டுவிட்டால் உடனே உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிக்கச் செய்து, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு 108இல் வாருங்கள். புட்டியின் பெயர்ச்சீட்டைப் பார்த்தாலே எங்கள் சிகிச்சை பாதி எளிதாகிவிடும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்துக்குப் பெயர்ச்சீட்டு இருப்பதில்லை.

பாட்டியம்மாள் மீந்த ஐந்து கோழிகளையும் இன்னும் வளர்க்கிறார். அடைக்கூடை இப்போது தொழுவத்தில் இருக்கிறது. பிள்ளைகள் சொறிவதில்லை.