ஜாஸ் இசையும் அமெரிக்க இலக்கியமும்

ஒரு நாட்டின் இசை அந்நாட்டு இலக்கியத்திற்குப் பாடுபொருளாதல் பெருவழக்கு. பொருளோடு நில்லாது, சொல்லை அடுக்கும் முறையையும் நடையையும் ஓர் இசை இலக்கியத்திற்குக் கற்பித்தல் அரிது. ஐக்கிய அமெரிக்காவில் ஜாஸ் என்னும் இசை இவ்வரிய செயலைச் செய்தது. அதனை ஆக்கி அளித்தோர், அந்நாட்டின் அவைகளிலே சமமாய் அமர இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் என்பது வியப்பினும் வியப்பாகும்.

ஜாஸ் பிறந்த இடம் லூயிசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் நகரம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டோரும் அவர்வழி வந்தோரும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஞாயிறுதோறும் அந்நகரின் கொங்கோ சதுக்கத்திற் கூடி முழவொலித்து ஆடினர். அம்முழவின் தாளமும், தோட்டங்களிற் பாடப்பட்ட தொழிற்பாட்டும், கிறித்தவ ஆலயப் பாடலும், ஐரோப்பியரின் ஊதுகருவிகளும் காலப்போக்கில் ஒன்றாய்க் கலந்தன. 1865இல் அடிமைத்தளை சட்டத்தால் நீங்கிற்று. ஆயினும் 1896இல், லூயிசியானாவில் எழுந்த ஒரு புகைவண்டி வழக்கிலே, நிறம்பற்றி மக்களைப் பிரித்துவைத்தல் சட்டத்திற்கு ஒத்ததே என அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பை ஒட்டிய ஆண்டுகளிலேதான் ஜாஸ் உருப்பெற்றது. 1917இல் ஜாஸ் என்னும் பெயரோடு முதல் இசைத்தட்டை வெளியிட்ட குழுவினரோ வெள்ளையர்!

இவ்விசையின் உள்ளுயிராய் விளங்குவது 'புளூஸ்' என்னும் துயர்ப்பாட்டு. அதன் யாப்பு எளியது. முதலடி ஒரு துன்பத்தைச் சொல்லும். இரண்டாமடி அதனையே பெரும்பாலும் மாற்றமின்றி மீளச் சொல்லும். மூன்றாமடி விடை பகரும். அவ்விடை பலகால் நகைப்பாகவும் இருக்கும். பாடுவோன் மீளப் பாடும் அச்சிறு பொழுதிலே அடுத்த அடியை நெஞ்சினுள் ஆக்கிக்கொள்ள இயலும். அழுகையை மறையாது, அழுகையிலேயே அமிழ்ந்தும் விடாது நிற்கும் இந்நிலையே புளூஸின் தனிச்சிறப்பு. ஜாஸ் கலைஞர் இதனோடு மனோதர்மத்தைச் சேர்த்தனர். நம் இசையரங்கிற் கற்பனாசுரம் பாடுவோர் இராகத்தையும் தாளத்தையும் மீறாது புதியன படைத்தல் போல, அவரும் வரையறுத்த சுரக்கோவைகளின் வரிசைக்குள் நின்று அக்கணமே புதிய மெட்டுக்களை ஆக்குவர். லூயி ஆம்ஸ்ட்ரோங் 1922இல் சிக்காகோ நகர் சென்றார். 1928இல் அவர் பதிவுசெய்த 'வெஸ்ற் எண்ட் புளூஸ்' என்னும் இசைத்தட்டின் தொடக்கத்திலே, துணைக்கருவி யாதுமின்றி அவரது எக்காளம் தனித்தெழுந்து முழங்குவதைக் கேட்போர் இதனை எளிதில் உணர்வர்.

எழுத்தாளர் இவ்விசையை எதிர்கொண்ட முறை ஒரு தன்மைத்தன்று. ஸ்கொட் பிற்ஸ்ஜெரல்ட் 1922இல் தம் சிறுகதைத் தொகுதியொன்றின் தலைப்பிலே 'ஜாஸ் காலம்' என்னும் தொடரை ஆண்டார். அக்காலத்திற்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும் அவர் கதைகளிலே ஜாஸ் செல்வர்தம் விருந்துகளின் பின்னணி ஓசையே. இசைப்போனின் உள்ளம் ஆண்டு இல்லை. நியூ யோர்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த 'கொற்றன் கிளப்' இதற்கு நேரான உவமை. 1927 முதலாக டியூக் எலிங்ரன் தம் குழுவோடு அங்கு இசைத்தார். மேடையில் நின்றோர் கறுப்பர். அமர்ந்து கேட்டோர் வெள்ளையர்.

அம்மேடையிலிருந்தே பேசுவதுபோல் எழுதியவர் லாங்ஸ்ரன் ஹியூஸ். 1926இல் வெளிவந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதியின் பெயரிலேயே புளூஸ் உண்டு. புளூஸ் யாப்பை அவர் கவிதை யாப்பாகவே கொண்டார். இதற்கு எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. கற்று உயர்ந்த கறுப்பருட் பலர், இஃது இழிந்தோர் பாட்டு என்றும், தம்மினத்தின் மதிப்பைக் குறைக்கும் என்றும் நாணினர். அவ்வாண்டே எழுதிய கட்டுரையொன்றில் ஹியூஸ் அந்நாணத்தையே சாடினார். தம் மக்களின் ஓசையைக் கேட்டு வெட்கப்படுவோன் எங்ஙனம் கவிஞனாவான் என்பது அவர் வாதத்தின் சாரம். கல்வி பெற்றோர் யாவரும் கருத்திற் கொள்ளவேண்டிய வினா இது.

இசை பயின்று எக்காளம் ஊதிய றால்வ் எலிசன், 1952இல் 'புலப்படா மனிதன்' எனப் பொருள்படும் பெயரில் நாவலொன்று தந்தார். அதன் முகவுரையில், நிலவறையொன்றில் 1,369 மின்விளக்குகளை ஏற்றி வாழும் நாயகன் ஆம்ஸ்ட்ரோங்கின் இசைத்தட்டைக் கேட்கின்றான். ஒன்று போதாது, ஐந்து கருவிகளில் ஒருங்கே கேட்கவேண்டும் என்பது அவன் அவா! ஜேம்ஸ் போல்ட்வின் 1957இல் வெளியிட்ட 'சொனியின் புளூஸ்' என்னும் சிறுகதையோ ஆசிரியருலகுக்கு மிக அணித்தானது. கதை சொல்லும் தமையன் ஹார்லெமில் அட்சரகணிதம் கற்பிப்பவன். தம்பி பியானோ வாசிப்பவன். போதைப்பொருளால் சிறைப்பட்டு மீண்டவன். தம்பியைத் திருத்த முயலும் தமையன், அவன் சொல்வதைக் கேட்க மட்டும் அறியான். இறுதியில் ஓர் இரவு விடுதியின் இருண்ட மூலையிலமர்ந்து அவன் வாசிப்பைச் செவிமடுக்கும் போதுதான் தம்பியின் துயர் தமையனுக்குப் புலனாகின்றது. அப்பக்கங்களின் வாக்கியங்கள் நீண்டும் மடங்கியும் முன்சொன்னதற்கே திரும்பியும் செல்வன. உரைநடை அங்கே புளூஸாகவே ஆகிவிடுகின்றது. ஜாஸ் ஈன்ற எழுத்துக்களுள் இதற்கே முதலிடம் கொடுத்தல் தகும்.

அரசும் இவ்விசையின் பயனை அறிந்துகொண்டது. 1956 முதல் அமெரிக்க வெளிநாட்டமைச்சு ஜாஸ் கலைஞரைப் பிறநாடுகளுக்கு அனுப்பிற்று. அவ்வழியே 1963இல் எலிங்ரன் குழுவினர் சென்னைக்கும் கொழும்புக்கும் வந்தனர். நாட்டின் புகழுக்கு ஜாஸ் வேண்டியிருந்தது. அதனை இசைத்தவரின் உரிமையோ பின்தங்கியே நின்றது. 1957இல் ஆர்க்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக்கில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளி வாயிலிலே தடுக்கப்பட்டபோது, ஆம்ஸ்ட்ரோங் அரசை வெளிப்படையாய்க் கண்டித்து, சோவியத் நாட்டுப் பயணத்தை மறுத்துவிட்டார்.

1965இல் எலிங்ரனுக்குப் புலிற்சர் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு இசைத்துறை நடுவர் பரிந்துரைத்தனர். பரிசுச் சபையார் ஏற்றிலர். 1997இல், அடிமை வாழ்வைப் பொருளாகக் கொண்ட வின்ரன் மார்சாலிஸின் ஆக்கமே இசைக்குரிய புலிற்சர் பரிசைப் பெற்ற முதல் ஜாஸ் படைப்பாயிற்று. எலிங்ரனுக்கு அப்பாராட்டு 1999இல் வழங்கப்பட்டது. அவர் இறந்து அப்பொழுது இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.