ஜோப்ராவில் கற்ற பாடம்

கல்வி நூலில் தோன்றி நூலிலேயே அடங்கிவிடுவதன்று. கற்றவருடைய அறிவு கல்லாதார்க்கும் பயன்படும்போதே அக்கல்வி நிறைவெய்தும். எனினும், பிறர்க்கு உதவ விரும்புவோர் முதற்கண் அறியவேண்டுவது ஒன்று உண்டு. அப்பிறர்க்கு உண்மையில் வேண்டுவது யாது என்பதே அது. வங்காளதேசத்து மாணவர் சிலர் இவ்வுண்மையை ஒரு சிற்றூரில் கற்றுக்கொண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

வங்காளதேசம் 1971 ஆம் ஆண்டில் தனிநாடாயிற்று. மூன்றாண்டுகள் கழிவதற்குள், 1974 ஆம் ஆண்டில், கொடிய பஞ்சம் அந்நாட்டைப் பற்றியது. அக்காலத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் முகம்மது யூனுஸ் என்பார் பொருளியற் பேராசிரியராக விளங்கினார். வகுப்பறையில் பொருளியற் கோட்பாடுகளை விரித்துரைக்கும் தமக்கு, வெளியே பசியால் மாள்வோரைக் காக்கும் வழி தெரியவில்லையே என்று அவர் உள்ளம் நொந்தார். பல்கலைக்கழகத்தை அடுத்து ஜோப்ரா என்னும் ஊர் இருந்தது. அவ்வூரையே தம் பாடநூலாகக் கொள்ள எண்ணி, அவர் மாணவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

அவ்வூரில் ஆழ்குழாய்க் கிணறு ஒன்று இருந்தும், மழையில்லாக் காலத்தில் அது பயனின்றிக் கிடந்தது. 1975 ஆம் ஆண்டில் பேராசிரியர் ஊராரைக் கூட்டி ஓர் ஏற்பாடு செய்தார். நிலமுடையார் நிலம் தருதல் வேண்டும். உழுவோர் உழைப்புத் தருதல் வேண்டும். விதை, உரம், நீர் இறைக்கும் செலவு ஆகியவற்றைத் தாம் ஏற்றல் வேண்டும். விளைவை மூவரும் மூன்று பங்காகப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்பதே அவ்வேற்பாடு. மாணவர்கள் சேற்றில் இறங்கி வரிசையாக நாற்று நட்டார்கள். வறண்டு கிடந்த வயல்கள் பசுமை பூத்தன, விளைவும் பெருகியது. ஆயினும் பேராசிரியருக்கு உரிய பங்கு முழுமையாக வந்து சேரவில்லை. அதனால் அவருக்கு ஏறக்குறைய 13,000 டாக்கா இழப்பு நேர்ந்தது. டாக்கா என்பது அந்நாட்டு நாணயம்.

அவ்விழப்பினும் வேறொரு காட்சியே அவரை மிகுதியும் வருத்தியது. நிலமற்ற ஏழைப் பெண்கள் விடியற்காலையில் வந்து, நெற்கதிர்களைக் காலால் உழக்கி மணி பிரித்தனர். நாள் முழுதும் உழைத்தும் அவர்க்குக் கிடைத்த கூலி மிகச் சிறிது. விளைவு பெருகியதால் நிலமுடையார் வாழ்ந்தனர். நிலமில்லார் வாழ்வு முன்போலவே இருந்தது. நல்லெண்ணத்தோடு செய்த உதவியும் மிக வறியவரைச் சென்று சேரவில்லை. அது கண்ட அவர், அவ்வறியவரையே அணுகி வினவத் தலைப்பட்டார்.

1976 ஆம் ஆண்டில் ஒருநாள், மூங்கில் முக்காலி முடையும் பெண் ஒருத்தியை அவர் கண்டார். அவள் கைத்திறன் மிக்கவள். ஆயினும் மூங்கில் வாங்க 5 டாக்கா அவளிடம் இல்லை. அத்தொகையைக் கடனாகத் தரும் வணிகன், முடைந்த முக்காலியைத் தனக்கே, தான் குறிக்கும் விலைக்கே, விற்றல் வேண்டும் என்றான். ஆகவே ஒருநாள் உழைப்பில் அவளுக்கு எஞ்சியது ஐம்பது பைசா. அவள் வறுமைக்குக் காரணம் சோம்பலும் அன்று, அறியாமையும் அன்று; சிறு முதல் இல்லாமையே.

பேராசிரியர் உடனே அவளுக்குப் பணம் ஈந்திருக்கலாம். ஆனால் அவளைப் போல்வார் எத்துணையர் என்று அறிய விரும்பி, அதனை ஆராயுமாறு தம் மாணவி ஒருத்தியைப் பணித்தார். ஒரு வாரத்தில் பட்டியல் வந்தது. அதில் கண்டவர் 42 பேர். அவர்கள் அனைவரும் பெற்றிருந்த கடன் 856 டாக்கா. அது 27 அமெரிக்க டாலரினும் குறைவு. இத்துணைச் சிறிய தொகைக்காக 42 குடும்பங்கள் தம் உழைப்பின் பயனைப் பிறர்க்கு இழந்து நின்றன! பேராசிரியர் அத்தொகையைத் தம் கைப்பொருளினின்று வட்டியின்றிக் கடனாகக் கொடுத்தார். தானமாகப் பெற்றது ஒருநாள் பசியைத் தீர்க்கும். கடனாகப் பெற்றதோ, திருப்பித் தரவல்லோம் என்னும் மதிப்பினையும் உடன் அளிக்கும் அன்றோ?

பின்னர் அவர் வங்கியை நாடினார். ஈடு வைக்கப் பொருளில்லாதார்க்குக் கடன் இல்லை என்று வங்கியார் மறுத்தனர். அவர் தாமே பிணையாக நின்று அவ்வாண்டின் இறுதியில் கடன் பெற்றுத் தந்தார். அவ்வூர்ப் பெண்டிர் அயல் ஆடவர்முன் வருவதில்லை. ஆதலின் பேராசிரியர் வீடுகளுக்கு வெளியே நிற்க, மாணவியர் உள்ளே சென்று அவர் கூறியதை உரைத்து, பெண்டிர் ஐயங்களைக் கேட்டு வந்து சொல்வர். இவ்வாறு பன்முறை நடந்த பின்னரே அச்சம் நீங்கியது. ஐவர் சேர்ந்து ஒரு குழு அமைத்தல், சிறு சிறு தவணையாகக் கடனைச் செலுத்துதல் ஆகிய முறைகள் படிப்படியாக வகுக்கப்பட்டன. கறவை மாடு, நெல் குத்தல், கூடை முடைதல் போன்ற சிறு தொழில்கள் தழைத்தன.

இம்முயற்சியே 1983 ஆம் ஆண்டில் கிராமின் வங்கி என்னும் தனி வங்கியாயிற்று. அதில் கடன் பெற்றோருள் பெரும்பான்மையோர் பெண்டிரே. 2006 ஆம் ஆண்டில் அவ்வங்கிக்கும் பேராசிரியருக்கும் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் கடன் எங்கும் நன்மையே பயக்கும் என்று கருதலாகாது. ஆந்திரப் பிரதேசத்தில் சிறுகடன் நிறுவனங்கள் பல, ஒருவருக்கே கடன்மேற் கடன் கொடுத்து, கடுமையாக வசூலித்தன. அதனால் எளியோர் பெரிதும் அல்லலுற, 2010 ஆம் ஆண்டில் அரசு அவற்றைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. பெறுவோர் நிலையை ஆராயாது கொடுப்பது உதவி ஆகாது.

ஜோப்ராவுக்குச் சென்ற மாணவரிடம் பெரும்பொருள் இல்லை. அவர்கள் செய்த தொண்டு வீடுதோறும் சென்று வினவியதும், கேட்டதை உள்ளவாறு எழுதியதுமே. ஆயினும் 42 பெயர்கள் கொண்ட அச்சிறு பட்டியலே பேராசிரியருக்கு வழிகாட்டிற்று. தொண்டு செய்ய விழையும் மாணவர், கொடுக்கும் கையை நீட்டுமுன் கேட்கும் செவியைத் தருதல் வேண்டும் என்பதே அச்சிற்றூர் கற்பித்த பாடம்.