பனிச்சரிவின் நிறம்

பனிச்சறுக்குப் பழகப் போகிறவர் பயந்த சுபாவக்காரர் என்றால், எந்த மலைக்குப் போவது? சரிவுகளுக்கு நிறம் குறித்திருப்பார்கள். அதைப் பார்த்தால் போதும் என்று எண்ணுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம். ஆஸ்திரியாவில் நீலம் என்றால் மிக எளிய சரிவு. பொதுவாக 100 மீட்டர் தூரத்துக்கு 25 மீட்டருக்கு மேல் இறங்காது. அமெரிக்காவிலோ எளியது பச்சை வட்டம். நீலச் சதுரம் நடுத்தரம். 'நீலம்தானே' என்று இறங்கிய புதியவர் பாடு திண்டாட்டம்தான்! அதுமட்டுமா? அங்கே ஒரே மலையின் சரிவுகளை ஒப்பிட்டே நிறம் தருகிறார்கள். ஆகவே ஒரு மலையின் பச்சை, மற்றொன்றின் நீலமாக இருக்கலாம்.

அடிவாரத்திலேயே பழகும் மேடு உண்டா, நின்றபடியே மேலே ஏற்றும் நகரும் பட்டை உண்டா என்று முதலில் கேட்போம். பயந்துவிட்டால், ஏறிய வண்டியிலேயே இறங்கலாமா என்றும் கேட்போம். பலர் மறப்பது இதைத்தான். கம்பியில் தொங்கும் நாற்காலிகள் சில, ஆளை மேலே ஏற்றுமே தவிர, கீழே இறக்கி வருவதில்லை.