பழைய பெட்டிக்குப் புதிய வேலை

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1980களின் நடுவில் டிஜிட்டல் மாதிரி ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகள் கழித்து வந்த அதன் ‘கண்ட்ரோல் யூனிட் 6021’ என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி இன்றும் பல வீடுகளில் பழுதில்லாமல் வேலை செய்கிறது. அதன் இடப்பக்கம் பாயிண்ட் (ரயிலைத் தடம் திருப்பும் இடம்) மாற்றும் கீபோர்டுகளும், வலப்பக்கம் இன்னொருவர் ரயில் ஓட்டக் கூடுதல் கட்டுப்பாட்டுப் பெட்டியும் செருகப்பட்டிருக்கும். தொடுதிரை வைத்த புதுப் பெட்டி வாங்கிய பிறகு இவற்றை என்ன செய்வது?

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடலாம். இரண்டு பெட்டிகளின் வெளியீட்டையும் ஒரே தண்டவாளத்தில் இணைக்கவே கூடாது. டிஜிட்டல் தண்டவாளத்தில் மின்சாரத்தின் துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதில்தான் கட்டளை இருக்கிறது. இன்ஜினுக்குள் உள்ள டிகோடர் அதைப் படித்து நடக்கிறது. இரண்டு பெட்டிகள் தத்தம் தாளத்தில் மாற்றினால், ஒன்று நேர்மின் கொடுக்கும் கணத்தில் மற்றது எதிர்மின் கொடுக்கும். அது ஷார்ட் சர்க்யூட். தண்டவாளத்தை நடுவில் வெட்டிப் பிரித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் அந்த வெட்டைக் கடக்கும்போது தானே இரண்டையும் இணைத்துவிடும். ஓர் உறையில் இரண்டு வாள் கூடாது.

அதனால் பழைய பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து கழற்றி, அந்த இரண்டு கம்பிகளைப் புதுப் பெட்டியின் ‘ஸ்னிஃபர்’ உள்ளீட்டில் கொடுக்கிறார்கள். இஎஸ்யு நிறுவனத்தின் ஈகோஸ் பெட்டியில் இந்த வசதி உண்டு. பழையது வழக்கம்போல் கட்டளை அனுப்பும். புதியது அதை ஒட்டுக்கேட்டு, தன் தாளத்தில் தண்டவாளத்துக்கு அனுப்பும். கீபோர்டில் அழுத்துவதும் 6021 வழியாகவே வருவதால் அதுவும் தானாகச் சேர்ந்துவிடுகிறது. பழையதற்கு அதன் சொந்த டிரான்ஸ்பார்மர் இன்னமும் தேவை; ஆனால் இன்ஜின்களை ஓட்டும் சுமை அதன்மேல் இல்லை. மார்க்லினின் ‘சென்ட்ரல் ஸ்டேஷன் 2’ வைத்திருப்பவர்களுக்கு ‘கனெக்ட் 6021’ என்ற தனி இணைப்புப் பெட்டி இருக்கிறது.

ஒட்டுக்கேட்பது ஒருவழிப் பாதை. இதுதான் நடைமுறையில் அதிகம் குழப்புவது. திரையில் வேகத்தைக் குறைத்தால் 6021-க்குத் தெரியாது. அதன் வேகக் குமிழ் பாதியில் நிற்கும். கொஞ்சம் தொட்டாலே இன்ஜின் அந்த வேகத்துக்குத் தாவும். ஓர் இன்ஜினை ஒரு நேரத்தில் ஒரே கையிலிருந்து ஓட்டுவது நல்லது. கை மாற்றுவதானால் வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

பழைய பெட்டி அறிந்தது 80 இன்ஜின் முகவரி எண்களும் 14 வேகப் படிகளும்தான். 2004-இல் வந்த எம்எஃப்எக்ஸ் இன்ஜின்கள் தாமே புதுப் பெட்டியில் பதிந்துகொள்பவை. அப்படிப் பதிந்தபின் பழையதில் அழுத்தி அழைக்க அவற்றுக்கு எண் இருப்பதில்லை. புதுப் பெட்டியின் அமைப்பில் அப்படி ஒரு எண்ணைக் கொடுக்க இடமிருந்தால் மட்டுமே 6021-இலிருந்து ஓட்டலாம். அப்போதும் நுணுக்கமான வேகமும் ஏகப்பட்ட ஒலிகளும் திரைப் பக்கமே இருக்கும். பாயிண்ட் மாற்றுவதற்கோ கீபோர்டின் பொத்தான்களே வசதி என்பது என் கட்சி. திரையில் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டி பாயிண்டைத் தாண்டிவிடும்.

இணைத்து முடித்ததும், ஒரு இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பழைய பெட்டியின் ‘ஸ்டாப்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது தன் வெளியீட்டைத்தான் துண்டிக்கிறது. தண்டவாளமோ இப்போது புதியதன் கையில். வண்டி நிற்கவில்லை என்றால், அவசரத்துக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.