படத்தில் பார்த்த கிட்டார்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. பொருளைக் கையிலெடுத்து, தட்டிப் பார்த்து, விலை பேசி வாங்கிய காலத்திலேயே அவர்கள் இத்துணை எச்சரிக்கையோடு இருந்தனர். மாடு வாங்கச் சென்றவர் சுழி பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார். நாலடி நடக்கவிட்டும் பார்த்தார். பட்டுப்புடவை வாங்கச் சென்ற தாய்மார் கடை விளக்கை நம்பாமல், புடவையை வாசலுக்குக் கொணர்ந்து பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தனர். இன்றோ, கைப்பேசித் திரையில் தோன்றும் நாலைந்து படங்களைப் பார்த்து, முன்பின் அறியாத ஒருவருக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, பெட்டி எப்போது வரும் எனக் காத்திருக்கிறோம்.

இவ்வாறு வாங்கப்படும் பொருள்களுள் மின்சாரக் கிட்டாரும் ஒன்று. பாடகர் குழுவிலும் கல்லூரி மேடையிலும் கிட்டார் வாசிப்போரைக் கண்டு, தனக்கும் ஒன்று வேண்டுமெனக் கேட்கும் பிள்ளைகள் பல இல்லங்களில் உள்ளனர். நல்ல இசைக்கருவிக் கடை அருகில் இல்லாத ஊர்களில், இணையவழிக் கடையே துணை. தந்தையும் மகனும் திரைமுன் அமர்கின்றனர். மகனின் கண் நிறத்தில் நிற்கிறது. தந்தையின் கண் விலையில் நிற்கிறது. கருவியை இருவருமே பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது எப்படி? படம் எதைச் சொல்லும், எதை மறைக்கும்? சற்று ஆராய்வோம்.

அழகை விரும்புவது தவறா?

தவறில்லை. மின்சாரக் கிட்டாரை உருவாக்கியவர்களே அழகை ஒரு பொருட்டாகக் கருதியவர்கள்தாம். அமெரிக்காவில் கிப்ஸன் நிறுவனம் 1952-இல் தனது 'லெஸ் பால்' கிட்டாரைப் பொன்னிற முகப்போடு வெளியிட்டது. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1954-இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கிட்டாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். பின்னர் அவரது நிறுவனம், டூபாண்ட் தயாரித்த மோட்டார் வாகன வண்ணங்களையே கிட்டார்களுக்குப் பூசியது. சாலையில் ஓடிய கார்களின் நீலமும் சிவப்பும் இளைஞர்களின் கைகளில் இசைக்கருவியாகத் தவழ்ந்தன.

அன்றியும், கண்ணுக்கினிய கருவியைப் பிள்ளை அடிக்கடி கையிலெடுப்பான். அடிக்கடி எடுத்தால் பயிற்சி தானே வளரும். ஆகவே, "நிறத்தில் என்ன இருக்கிறது?" எனப் பிள்ளையின் விருப்பத்தைத் தள்ளிவிடுவது முறையன்று. ஆனால், அந்த நிறத்தையாவது படம் உள்ளபடி காட்டுகிறதா என்று அறிந்துகொள்ளுதல் நலம்.

நிறம் செய்யும் மாயம்

மஞ்சள் ஒளி விளக்கின்கீழ் எடுத்த படத்தில் வெண்மை பாலேடு போலத் தோன்றும், நீலம் மங்கிப்போகும். நிழலில் எடுத்த படத்தில் எல்லாமே சற்று நீலம் பாரிக்கும். பார்ப்பவரின் திரை ஒளி கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறும். இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. கிட்டாரின் அருகே வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேட்கலாம். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால், கிட்டாரின் நிறத்தையும் பெரும்பாலும் நம்பலாம்.

பழைய கருவிகளில் நிறம் உண்மையாகவே மாறியிருப்பதும் உண்டு. 1950-களிலும் 1960-களின் பெரும்பகுதியிலும் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் மெருகு காலப்போக்கில் மஞ்சளாகும் தன்மையுடையது. அதனால் வெள்ளைக் கிட்டார்கள் வெண்ணெய் நிறம் அடைந்தன. நீலக் கிட்டார்கள் பச்சையாகத் தோன்றலாயின. நீலத்தின்மேல் மஞ்சள் படர்ந்தால் பச்சைதானே! 1958 முதல் 1960 வரை வெளிவந்த 'லெஸ் பால்' கிட்டார்களில், நடுவில் மஞ்சளும் ஓரங்களில் சிவப்புமாகக் கதிரவன் ஒளி போன்ற பூச்சு அமைந்திருந்தது. வெளிச்சம் பட்டுப் பட்டு அச்சிவப்பு பலவற்றில் வெளுத்துப்போயிற்று. வெளுத்த அந்தக் கருவிகளே இன்று பல இலட்சம் டாலருக்கு விலைபோகின்றன என்பது வியப்பிற்குரியது! இன்று குறைந்த விலையில் கிடைக்கும் புதிய கிட்டார்களின் மெருகு பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் வகையைச் சார்ந்தது. அது அவ்வளவு எளிதில் நிறம் மாறுவதில்லை.

மரத்தின் வரிகளும் அவ்வாறே. மேப்பிள் மரத்தின் சிலவகைப் பலகைகளில் புலியின் உடல்வரி போன்ற கோடுகள் மின்னும். பலகையைச் சாய்க்கும்போது இருண்ட வரி ஒளிரும். ஒளிர்ந்த வரி இருளும். ஒரே கோணத்தில் எடுத்த படம் இந்த ஆட்டத்தில் ஒரு நொடியை மட்டுமே காட்டும். ஒரு பலகையைப்போல் மறுபலகை அமைவதுமில்லை. எனவே, கடை காட்டும் படம் நமக்கு வரவிருக்கும் கிட்டாரின் படமா, அவ்வகைக்கெல்லாம் பொதுவான படமா என்று கேட்டறிய வேண்டும். அமெரிக்காவின் பெரிய கடைகள் சில, ஒவ்வொரு கிட்டாரையும் தனித்தனியே படமெடுத்து, வரிசை எண்ணும் எடையும் குறித்து வெளியிடுகின்றன. மற்றப் பல இடங்களில் பொதுப்படமே கிடைக்கும்.

மலிவான கிட்டார்களில் இவ்வரிகள் தாள்போல் மெல்லிய மர ஏட்டை மேலே ஒட்டியதாகவோ, அச்சிட்ட படமாகவோ இருப்பதுண்டு. சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ஏனெனில், மின்சாரக் கிட்டாரின் ஒலி முகப்பு வரிகளிலிருந்து பிறப்பதில்லை. எஃகுத் தந்தியின் அதிர்வை, காந்தத்தைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருள் மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த கிட்டார் முதல் இன்றுவரை அடிப்படை முறை இதுவே.

படத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

நிறத்தில் ஏமாற்றினாலும், கருவியின் உடல்நலத்தைப் பற்றிப் படம் எவ்வளவோ உண்மைகளைக் கூறும். நாம் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

முதலாவது, நேர் எதிரே எடுத்த படத்தில் ஓரத் தந்திகள் இரண்டையும் பாருங்கள். கழுத்தின் இரு விளிம்புகளிலிருந்தும் அவை ஏறக்குறைய ஒரே அளவு விலகி ஓட வேண்டும். ஒரு தந்தி விளிம்பிலிருந்து கீழே விழுவதுபோல் நெருங்கியிருந்தால், கழுத்து ஒருபுறம் விலகியுள்ளது எனக் கொள்ளலாம். திருகாணியால் பொருத்திய கழுத்தாயின் தளர்த்திச் சரிசெய்ய வழியுண்டு. பசையால் ஒட்டிய கழுத்தாயின் அது பெரும்பணி.

இரண்டாவது, குதிரையைப் பாருங்கள். வீணையில் தந்தியைத் தாங்கும் பகுதியைக் குதிரை என்போம். கிட்டாரிலும் அத்தகைய உறுப்பு உண்டு. அதன்மேல் தந்தியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டுகளை உயர்த்தலாம், தாழ்த்தலாம். அவை அடியோடு தாழ்த்தப்பட்டிருந்தும் தந்திகள் உயரமாகவே நிற்கின்றனவா? அப்படியானால் கழுத்து அமைந்த கோணத்திலேயே பிழை இருக்கக்கூடும். பக்கவாட்டில் எடுத்த அண்மைப் படம் ஒன்றே இதைக் காட்டிவிடும்.

மூன்றாவது, தலையும் கழுத்தும் சேருமிடத்தின் பின்புறம். கிப்ஸன் வகைக் கிட்டார்களில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கிட்டார் மல்லாந்து விழுந்தால் முதலில் முறிவது அந்த இடமே. விற்பவர் அனுப்பும் படங்களில் பெரும்பாலும் அது இடம்பெறுவதில்லை. பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி அவ்விடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மயிரிழை போன்ற கோடும், மெருகின் நிறத்தில் சிறு திட்டும் பழைய முறிவின் அடையாளங்கள். செவ்வனே ஒட்டிய முறிவு பல்லாண்டு தாங்கும். எனினும் அதற்கேற்ப விலை குறைய வேண்டும்.

நான்காவது, மெட்டுகள். கழுத்தின் குறுக்கே பதித்த இவ்வுலோகக் கம்பிகளில், தந்தி அழுந்தும் இடங்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா? முதல் மூன்று நான்கு மெட்டுகளில்தான் தேய்மானம் அதிகம் தெரியும். சிறு பள்ளத்தைச் சமன்செய்யலாம். மிகத் தேய்ந்த மெட்டுகளைப் புதிதாக மாற்றும் செலவு, மலிவான கிட்டாரின் விலையையே எட்டிவிடலாம்.

இறுதியாக, திருகாணி இல்லாத துளைகள், துருவேறிய உறுப்புகள், ஒன்றோடொன்று பொருந்தாத குமிழ்கள் ஆகியவையும் அக்கருவி எப்படிப் பேணப்பட்டது என்பதைக் கூறும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வாங்குவோர் தலையில் உள்ள எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். கைப்பேசியின் முன்புற ஒளிக்கருவி இடவலம் மாற்றிக் காட்டுவதுண்டு. எழுத்து தலைகீழாய்ப் பிறழ்ந்திருந்தால், வலக்கைக் கிட்டாரே இடக்கைக் கிட்டார் போல் தோன்றும்!

படம் சொல்ல இயலாதவை

அளவைப் படம் சொல்லாது. சிறுவர்க்கான குறுகிய கிட்டாரும் முழு அளவுக் கிட்டாரும் படத்தில் ஒன்றுபோலவே நிற்கும். ஃபெண்டர் வகைகளில் அதிரும் தந்தியின் நீளம் பெரும்பாலும் 648 மில்லிமீட்டர். கிப்ஸன் வகைகளில் ஏறக்குறைய 628. இந்த எண்ணைக் கேட்டறிந்தால் அளவு விளங்கும். எடையையும் படம் சொல்லாது. 'லெஸ் பால்' வகைக் கிட்டார் 4 கிலோவுக்கு மேலும் இருக்கும். பத்து வயதுச் சிறுமியின் தோள் அதை எவ்வளவு நேரம் தாங்கும்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது தந்தியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் விரல் எளிதில் அழுத்தும். இரு மடங்கு உயர்ந்தால் விரல்நுனி புண்ணாகும். அழுத்தும்போது சுருதியும் பிசகும். புதிய கிட்டாராயினும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே தந்திகள் உயர்ந்திருப்பது அரிதன்று. பிள்ளை ஒரு மாதம் முயல்வான். இரண்டாம் மாதம் சலிப்பான். மூன்றாம் மாதம் கிட்டார் பரணுக்குப் போகும். "இவனுக்கு இசை வராது, பணம் பாழ்" எனப் பெற்றோர் கூறுவர். பிள்ளையும் அதை நம்பிவிடுவான். குற்றம் பிள்ளையினுடையது அன்று, சீர்செய்யப்படாத கருவியினுடையது. பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். "எனக்கு வராது" என்று இளமையில் பதிந்துவிட்ட எண்ணத்தை எடுப்பது எளிதா?

ஆகவே, படத்தோடு நில்லாமல், ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிக் காட்டும் காணொளி ஒன்றைக் கேளுங்கள். கருவி வந்தபின், அதைச் சீர்செய்யத் தெரிந்தவரிடம் தந்த கூலியை வீண்செலவு என எண்ணாதீர்கள். ஒலிபெருக்கியும் இணைப்புக் கம்பியும் விலையில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். அவையின்றி மின்சாரக் கிட்டார் முணுமுணுக்கவே செய்யும்.

விற்பவரும் சட்டமும்

பழைய கிட்டாரைத் தனியாரிடம் வாங்கும்போது, அன்றைய நாளிதழை அருகில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கருவி அவர் கைவசம் உள்ளது என்பதற்கு அது ஓரளவு சான்றாகும். புகழ்பெற்ற பெயர் பொறித்த கிட்டார் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் ஐயுறுங்கள். கிப்ஸன் கிட்டாரின் தலையில் உள்ள சிறு மூடியை வழக்கமாக இரு திருகாணிகள் தாங்கும்; போலிகள் பலவற்றில் மூன்று காணப்படும். ஆயினும் போலி செய்வோரும் கற்றுக்கொள்பவர்களே. ஆதலால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பலாகாது.

நம் நாட்டில் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையும், போலிப் பொருளையும், விளம்பரத்தில் கூறிய தன்மைக்கு மாறான பொருளையும் திரும்பப் பெற வணிகர் மறுத்தல் கூடாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம். ஆனால், தம் சொந்தப் பொருளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனியாருக்கு இவ்விதிகள் பொருந்தா. அன்றியும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையவழி வாங்கிய பொருள்களில் பெரும்பாலானவற்றை 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலே திருப்பித் தரும் உரிமை உண்டு. "நிறம் பிடிக்கவில்லை" என்று திருப்பித் தரும் அத்தகைய பொது உரிமையை நம் விதிகள் வழங்கவில்லை. எனவே, திருப்பித் தரும் நிபந்தனைகளை வாங்குமுன் படித்துவிடுங்கள்.

பெட்டி வந்ததும், அதைத் திறப்பதையே காணொளியாக எடுத்து வையுங்கள். பெட்டியை எறிந்துவிடாதீர்கள். முன்பு பார்த்த படங்களை அருகில் வைத்து ஒவ்வோர் உறுப்பையும் ஒப்பிடுங்கள். ஒலிபெருக்கியில் இணைத்து ஒவ்வொரு குமிழையும் திருப்பிப் பாருங்கள். குறை தென்பட்டால் அன்றே எழுதுங்கள்.

பெற்றோர்களே! நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள், அது அவனுக்குரியது. கழுத்தையும் குதிரையையும் மெட்டுகளையும் தீர விசாரிக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து படங்களைப் பொறுமையாகப் படித்துத் தேர்ந்த கருவி, பரணுக்குப் போகாமல் பிள்ளையின் மடியில் நிலைத்திருக்கும்.