பிழையான கேள்விக்குத் தண்டனை யாருக்கு?

பரீக்ஷையில் விடை தவறினால் மாணவனுக்கு மார்க்குக் குறைகிறது. கேள்வியே தவறாயிருந்தால் குறைவது யாருக்கு? இதற்கும் மாணவனுக்கே என்பதுதான் நமது தேசத்து அனுபவம். இது நியாயமா என்பதை அன்பர்கள் ஆலோசிக்க வேண்டும்.

2024-ஆம் வருஷம் மே மாதத்தில் நடந்த 'நீட்' பரீக்ஷையில், அணுவைப் பற்றிய பௌதிகக் கேள்வி ஒன்று வந்தது. எல்லா மூலகங்களின் அணுக்களும் நிலையானவை என்று கொள்ளலாமா என்பதே அதன் சாரம். கதிரியக்கம் உள்ள அணுக்கள் நிலையற்றவை. ஆகவே அக்கூற்று தவறு. ஆனால் மத்திய சர்க்காரைச் சார்ந்த ஸ்தாபனம் வெளியிட்ட பாடப்புஸ்தகத்தின் பழைய பதிப்பு அதைச் சரியென்றே சொல்லிற்று. பரீக்ஷையை நடத்திய தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைகளுக்கும் மார்க்கு அளித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜூலை 22-ல் கோர்ட்டார் டில்லி ஐ.ஐ.டி. நிபுணர் மூவரின் அபிப்பிராயத்தைக் கேட்டனர். மறுநாளே ஒரு விடைதான் சரியென்று பதில் வந்தது. மற்ற விடையைக் குறித்த நாலு லக்ஷத்துக்கு மேற்பட்ட மாணவர்கள், பெற்ற 4 மார்க்கை இழந்ததோடு, தவறுக்கு 1 மார்க்கும் பறிகொடுத்தனர். முழு மார்க்குப் பெற்றிருந்தவருள் 44 பேர் ஒரே நாளில் கீழே இறங்கினர். ஒரு நாளில் தீர்ந்த சந்தேகத்தைக் கேள்வியை அச்சிடுமுன் தீர்த்திருக்கலாகாதா?

தமிழ் மாணவர் அடைந்த துன்பம் இதனினும் பெரிது. 2018-ல் இதே பரீக்ஷையின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக ஆக்ஷேபணை எழுந்தது. ஐயம் நேர்ந்தால் ஆங்கில மூலமே முடிவானது என்பது விதி. ஆங்கிலம் அறியாததனால் தமிழில் எழுதுபவனை ஆங்கிலம் பார்த்துத் தெளியச் சொல்வது, குருடனைக் கண்ணாடி பார்க்கச் சொல்வதாகும். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அவ்வருஷம் ஜூலையில் 196 மார்க்குகள் அளிக்கும்படி தீர்ப்புச் சொல்லிற்று. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. எல்லோருக்கும் ஒரே அளவாக மார்க்கை வாரி வழங்குவது முறையன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பிழைக்குப் பரிகாரம் என்ன? பிழை நின்றது, பரிகாரம் மட்டும் போயிற்று.

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையன்று. 1983-ல் கான்பூர் சர்வகலாசாலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பரீக்ஷகரின் விடை சரியென்றே அனுமானிக்கப்படும் என்றும், தவறென்று தெளிவாக ருசுவானால் மாணவனைத் தண்டிக்கலாகாது என்றும் தீர்த்தது. விடைகளைப் பகிரங்கப்படுத்துக, சந்தேகத்துக்கிடமான கேள்வியை விலக்கிவிடுக என்றும் வழி காட்டியது. பின்னர் 2017 டிசம்பரில் அதே கோர்ட்டு, சந்தேகம் நேர்ந்தால் அதன் பலன் பரீக்ஷை நடத்துவோருக்கே என்றது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைக்கும் சந்தேகத்தின் பலன் பதினேழு வயது மாணவனுக்குக் கிடையாது! முடிவில்லாத வழக்குகளைத் தடுக்கவே அவ்விதி என்பதை அறிவோம். அப்படியாயின், கோர்ட்டுக்கு வருமுன்னரே குறை தீர வழி வேண்டுமன்றோ?

இப்போதுள்ள வழி யாது? 2024-ல் ஒரு கேள்வியை ஆக்ஷேபிக்க 200 ரூபாய் கட்ட வேண்டும். ஆக்ஷேபணை ஜயித்தாலும் பணம் திரும்பாது. ஐந்து கேள்விகளுக்கு ஆயிரம் ரூபாய். கூலிக்காரன் மகன் எங்கே போவான்? பரீக்ஷகரின் பிழையைத் திருத்திக் கொடுப்பவனுக்குச் சன்மானம் அளிப்பதை விட்டு, அபராதம் விதிக்கிறார்கள்.

நாம் கேட்பவை நான்கு. ஜயித்த ஆக்ஷேபணைக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு ஆக்ஷேபணைக்கும் காரணம் காட்டி எழுத்து மூலம் பதில் கூற வேண்டும். தமிழ் வினாத்தாளை அந்தந்தச் சாஸ்திரம் கற்பிக்கும் தமிழாசிரியர் பார்வையிட்ட பின்னரே அச்சிட வேண்டும். இருபொருள்படும் கேள்வியை, முடிவுகள் வெளிவருமுன்பே நீக்கிவிட வேண்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. பொறுப்புணர்ச்சி ஒன்றே போதும்.

கேள்வி கேட்கும் அதிகாரம் உடையவர், தம் கேள்வியைப் பற்றிப் பிறர் கேட்கும் கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.